படிவத்தில் இல்லாத கேள்வி

சென்ற ஜனவரி மாதம் என் அக்காவின் பேத்தி பிரான்சிலிருந்து வந்திருந்தாள். அக்கா குடும்பம் 1960களிலேயே அங்கே போய்விட்டது. அத்தானுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் இப்படிப்பட்ட குடும்பம் தெருவுக்கு இரண்டு உண்டு என்பதால் அதை விளக்க வேண்டியதில்லை. பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. மர்செய் நகரில் படித்துவிட்டு ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டேன். பிரெஞ்சில் ஒரு பெயர் சொன்னாள். தமிழில் மரபியல் ஆலோசகர் என்று வைத்துக்கொள்ளலாம்.

"டாக்டரா?"

"இல்ல தாத்தா."

"நர்ஸா?"

"அதுவும் இல்ல."

"அப்போ யாருக்கு என்ன ஆலோசனை சொல்றே?"

"புற்றுநோய்னு இப்பத்தான் தெரிஞ்சவங்களுக்கு. அதுலயும் சின்ன வயசுக்காரங்க. கீமோ ஆரம்பிச்சா பின்னால குழந்தை இல்லாமப் போகலாம். அதுக்கு முன்னாடியே விந்தணுவோ கருமுட்டையோ எடுத்து உறைய வச்சுக்கலாம். அத எடுக்கறது டாக்டருங்க வேலை. இந்த நோய் குடும்பத்துல வர்றதா, குழந்தைக்கும் போகுமா, போனா என்ன செய்யலாம், இதெல்லாம் அவங்களோட உக்காந்து பேசறது என் வேலை. நான் சொல்றதவிடக் கேக்கறதுதான் தாத்தா அதிகம்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், என் பள்ளித் தோழன் ஒருவன். பெயர் வேண்டாம். அவன் மனைவி இன்றும் இருக்கிறார். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்கண்ணே, பேர் மட்டும் போடாதீங்க" என்றார். அந்த அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

நானும் அவனும் பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே பெஞ்சு. பிறகு இருவருக்கும் அரசு உத்தியோகம், வேறு வேறு இலாகா. 1977-ல் அவனுக்கு வயது இருபத்தேழு. கழுத்தில் கட்டி வந்தது. ஹாட்ஜ்கின் நோய் என்றார்கள். நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய். வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆறு மாதத்துக்கு மேல் ஊசியும் மாத்திரையும். முடி கொட்டியது, வாந்தி எடுத்தான், எலும்பும் தோலுமாக ஆனான். ஆனால் பிழைத்தான். நாங்கள் எல்லோரும் வேண்டுதல் நிறைவேற்றினோம். அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருஷம் உயிரோடு இருந்தான். மருத்துவம் தோற்றது என்று யாரும் சொல்ல முடியாது.

1980-ல் கல்யாணம். ஒரு வருஷம், இரண்டு வருஷம், ஐந்து வருஷம். குழந்தை இல்லை. பழி யார் மேல் விழுந்தது என்று நம் காலத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்த அம்மா சுற்றாத அரசமரம் இல்லை, கட்டாத தொட்டில் இல்லை. வளைகாப்புக்கு அழைக்கமாட்டார்கள், அழைத்தாலும் ஓரமாக உட்காரவைப்பார்கள். ஏழு வருஷம் கழித்து, 1987-ல், ஒரு டாக்டர் புருஷனையும் சோதித்துப் பார்க்கலாம் என்றார். விந்தில் அணுக்களே இல்லை. பத்து வருஷத்துக்கு முன் போட்ட ஊசியைப் பற்றி விசாரித்துவிட்டு, "உங்களுக்கு அப்பவே யாரும் சொல்லலையா?" என்று கேட்டாராம்.

யாரும் சொல்லவில்லை. அவன் உயிர் பிழைப்பானா என்பதே பெரிய கேள்வியாக இருந்த இடத்தில், பிழைத்த பிறகு என்ன ஆகும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இன்னொன்றும் நடந்தது. விஷயம் வெளியே தெரிந்தபோது உறவில் ஒரு பெரியவர், "நல்லதாப் போச்சு, பிறந்திருந்தா அதுக்கும் அந்த நோய் வந்திருக்கும்" என்றார். அதை இல்லை என்று மறுத்துச் சொல்லவும் அங்கே ஆள் இல்லை. அந்த அம்மாவை அரசமரத்தைவிட அதிகம் காயப்படுத்தியது அந்த வார்த்தைதான்.

பேத்தி போன பிறகு இந்த விஷயத்தின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். பெரும்பாலும் பிரெஞ்சில். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக் கற்ற மொழி எழுபது வயதுக்கு மேல் உபயோகப்பட்டது. நான் டாக்டர் அல்லன். படித்ததை ஒரு குமாஸ்தா கோப்புக்குக் குறிப்பு எழுதுவதைப்போல எழுதுகிறேன்.

முதலில் உறைய வைக்கும் கதை. 1949-ல் லண்டனை ஒட்டிய மில் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் போல்ஜ் என்ற இளைஞரும் அவருடைய சகாக்களும் சேவலின் விந்தைக் குளிரில் காப்பாற்ற முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த ஒரு பாட்டிலில் திடீரென்று நல்ல பலன் கிடைத்தது. ஆராய்ந்து பார்த்தால் அதில் இருந்தது கிளிசரின். பாட்டில்களில் லேபிள் மாறிப் போயிருந்தது. எங்கள் அலுவலகத்தில் லேபிள் மாறினால் மெமோ வரும். அங்கே ஒரு விஞ்ஞானத் துறையே பிறந்தது. 1953-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உறைய வைத்த மனித விந்தணுவால் கருத்தரிக்க முடியும் என்று காட்டிவிட்டார்கள். பிற்காலத்தில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் வைத்தார்கள். அந்தக் குளிரில் உயிரணுவுக்கு வயது ஏறுவதில்லை.

1973-ல் ழோர்ழ் தாவித் என்ற மருத்துவப் பேராசிரியர் பாரிசின் தெற்கு எல்லையில் உள்ள பிசெத்ர் மருத்துவமனையில் ஒரு நிலையம் தொடங்கினார். சுருக்கப் பெயர் செகோஸ். விந்து, கருமுட்டை ஆகியவற்றை ஆராய்ந்து பாதுகாக்கும் நிலையம் என்பது விரிவு. பிற நாடுகளில் விந்து வங்கி வியாபாரமாக வளர்ந்துகொண்டிருந்தபோது, தாவித் அதை மருத்துவமனைக்குள்ளேயே வைத்தார். தானம் இலவசம், பெயர் ரகசியம். பிள்ளையில்லாத தம்பதிகளுக்குத் தானம் செய்யப்பட்ட விந்தைக் கொடுத்தது ஒரு பக்கம். மறுபக்கம், புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் இளைஞர்கள் தங்கள் விந்தணுவைத் தங்களுக்காகவே அங்கே வைத்துவிட்டுப் போகலாம்.

இரண்டாவதற்கு அப்போது நல்ல காரணம் இருந்தது. நைட்ரஜன் மஸ்டர்டு என்பது யுத்தத்துக்காகச் செய்த விஷ வாயுவின் வழியில் வந்த மருந்து. அதோடு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து அமெரிக்க டாக்டர்கள் ஹாட்ஜ்கின் நோயைப் பெருமளவு குணப்படுத்த முடியும் என்று 1970-ல் அறிவித்தார்கள். அதற்கு முன் அந்த நோய் முற்றியவர்கள் பிழைப்பது அபூர்வம். ஆனால் அந்த நான்கு மருந்துகளும் பெரும்பாலான ஆண்களின் விந்து உற்பத்தியை நிறுத்திவிட்டன. என் தோழன் ஊசி போட்டுக்கொண்ட 1977-ல் பிசெத்ரில் அந்தக் குளிர்ப்பெட்டி நான்கு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. இங்கே அவனுக்கு அது கிடைக்கவில்லை. அது யார் குற்றமுமில்லை. ஆனால் "தம்பி, இதனால உனக்குப் பின்னால குழந்தை இல்லாமப் போகலாம், கல்யாணம் பேசும்போது நினைவுல வச்சுக்கோ" என்று ஒரு வாக்கியம் சொல்லக் குளிர்ப்பெட்டி தேவையில்லையே!

பெட்டி இருந்த இடத்திலும் பேச்சு போதவில்லை என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. 1981-ல் பிரான்சில் ஓர் இளைஞருக்கு விதைப்பையில் புற்றுநோய். சிகிச்சைக்கு முன் செகோஸில் விந்தணுவை வைத்தார். நோய் அவரை விடவில்லை. 1983 டிசம்பரில், இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, உடன் வாழ்ந்த பெண்ணை மணந்துகொண்டார். பிறகு அந்தப் பெண், கணவர் வைத்துவிட்டுப் போனதைத் தனக்குத் தரும்படி கேட்டார். நிலையம் மறுத்தது. வைத்தவருக்குத்தான் திருப்பித் தருவோம், அது உடலின் ஒரு பகுதி, சொத்தைப்போல வாரிசுக்குப் போகாது என்றது. வழக்கு கிரெத்தேய் நீதிமன்றத்துக்குப் போனது. இறந்தவரின் பெற்றோரும் மருமகளோடு நின்றார்கள். 1984 ஆகஸ்ட் 1 அன்று நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கணவருக்குப் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் கரு தங்கவில்லை.

நான் முப்பத்தைந்து வருஷம் படிவங்களோடு வாழ்ந்தவன். அந்த வழக்கைப் படிக்கும்போது என் கண்ணில் பட்டது ஒன்றுதான். அந்த இளைஞரிடம் பெயர், வயது, நோய், டாக்டர் யார் என்றெல்லாம் எழுதி வாங்கியிருப்பார்கள். "நீங்கள் இறந்துபோனால் இதை என்ன செய்யவேண்டும்?" என்பதற்கு மட்டும் எழுத்தில் பதில் இல்லை. இருபது சொச்சம் வயதுப் பையனிடம் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை ஒரு வழக்கு. பிரான்சு பிறகு 1994-ல் சட்டமே போட்டது. கருத்தரிப்பு உதவி பெற, தம்பதியில் இருவரும் உயிரோடு இருக்கவேண்டும். இப்போது விந்தணுவோ கருமுட்டையோ வைத்திருப்பவருக்கு வருஷம்தோறும் கேள்வி போகிறது, இன்னும் வைத்திருக்கட்டுமா என்று.

ஒரு பக்கம் குளிர்ப்பெட்டி வளர்ந்தது இப்படி. ஆலோசகர் வந்தது முற்றிலும் வேறு பாதையில். அந்தப் பாதையின் தொடக்கம் அசிங்கமானது.

சென்ற நூற்றாண்டின் முதல் பாதியில், பரம்பரை நோய் உள்ளவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்று அரசாங்கங்களே தீர்மானித்தன. அமெரிக்காவில் இந்தியானா மாநிலம் 1907-லேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் அதே மாதிரி சட்டம் வந்து, சுமார் 4 லட்சம் பேருக்கு அறுவை செய்தார்கள். எமர்ஜென்சி காலத்தில் வடக்கே குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்த கதையை நாம் செய்தித்தாளில் படித்தவர்கள். அரசாங்கம் படுக்கையறைக்குள் வந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்த பிறகு, 1947-ல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் ரீட் என்ற மரபியலாளர் ஒரு புதிய பெயரைத் தேடினார். குடும்பங்கள் அவரிடம் வந்து, முதல் குழந்தைக்கு இப்படி ஆகிவிட்டதே, அடுத்ததற்கும் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தன. இந்த வேலைக்கு மரபியல் சுகாதாரம் என்று பெயர் வைக்க யோசித்து, அது பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டாராம். கடைசியில் வைத்த பெயர்தான் மரபியல் ஆலோசனை. பெயரில் ஒரு கொள்கையும் அடங்கியிருந்தது. தெரிந்ததைச் சொல், புரியும்படி சொல், முடிவை அவர்களிடம் விடு. பெற்றுக்கொள் என்றும் சொல்லாதே, பெறாதே என்றும் சொல்லாதே. 1969-ல் நியூயார்க் மாநிலத்தில் சாரா லாரன்ஸ் கல்லூரி இதற்கென்றே பட்டமேற்படிப்பு தொடங்கியது. இதற்கென்றே படித்தவர்கள் இந்த வேலைக்கு வந்தது அப்போதிலிருந்துதான்.

ஆனால் அன்றைய ஆலோசகர்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் பிறவிக் குறைபாடு, ரத்த நோய் என்று வந்தவர்கள். புற்றுநோய் அவர்கள் மேசைக்கு வர இன்னும் நாளாயிற்று. புற்றுநோய் குடும்பத்தில் தொடர்ந்து வரலாம் என்று 1866-லேயே ஒரு பிரெஞ்சு டாக்டர் எழுதிவைத்திருந்தார். போல் புரோக்கா. மூளையில் பேச்சுக்கான இடத்தைக் காட்டியவர் என்று மருத்துவ மாணவர்களுக்குத் தெரிந்த பெயர். கட்டிகளைப் பற்றிய தன் நூலில் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மார்பகப் புற்றுநோயால் இறந்ததை வரிசைப்படுத்தினார். அது அவருடைய மனைவியின் குடும்பம். அதற்கு ஆதாரம் கிடைக்க நூற்றிருபத்துநான்கு வருஷம் ஆயிற்று. 1990-ல் கலிபோர்னியாவில் மேரி-கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானி, அந்த மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-ல் அதைத் தனியே பிரித்து எடுத்துவிட்டார்கள். அதுதான் பி.ஆர்.சி.ஏ.-1. அதன் தங்கை பி.ஆர்.சி.ஏ.-2 அடுத்த வருஷமே கிடைத்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். புற்றுநோய்களில் நூற்றில் 5 முதல் 10 வரைதான் பெற்றோரிடமிருந்து வந்த ஒரு மரபணுக் கோளாறால் வருபவை. மற்றவை அப்படி அல்ல. ஆனால் அந்தக் கோளாறு இருந்தால் கணக்கு கடுமையானது. பி.ஆர்.சி.ஏ.-1 கோளாறு உள்ள பெண்களில் பத்தில் ஏழு பேருக்கு எண்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு. சினைப்பைப் புற்றுநோய்க்கும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக சரிபாதி வாய்ப்பு, பூவா தலையா மாதிரி. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை பேதமில்லை. அப்பா வழியாகவும் வரும்.

கடைசி வாக்கியத்தைப் பேத்தி அழுத்திச் சொன்னாள். அவள் வேலையில் முதல் காரியம் குடும்ப மரம் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு, இறந்தவருக்கு ஒரு கோடு. மூன்று தலைமுறை. அவள் காகிதத்தில் போட்டுக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாரிசுச் சான்றிதழ் கோப்பில் நான் எத்தனை வம்சாவளி போட்டிருக்கிறேன்! ஒரே வித்தியாசம். எங்களிடம் வருபவர்கள் கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரை மெதுவாக விட்டுவிடப் பார்ப்பார்கள். இவளிடம் வருபவர்கள் அப்பாவின் அக்கா தங்கைகளை மறந்துவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் என்றால் அம்மா வழிதான் என்று நினைப்பு. "அத்தைங்களப் பத்தி நாமதான் தோண்டித் தோண்டிக் கேக்கணும் தாத்தா" என்றாள்.

இந்த இரண்டு பாதைகளும் ஓர் இடத்தில் சந்தித்தன. தேதிகளைக் குறித்துக்கொண்டே வந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 2004 ஆகஸ்ட் 6 அன்று பிரான்சு தன் உயிரியல் அறநெறிச் சட்டத்தைத் திருத்தி, கருவளத்தைக் கெடுக்கக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்கள் விந்தணு, கருமுட்டை, அல்லது அவற்றை உண்டாக்கும் திசு இவற்றைப் பாதுகாத்து வைக்க வழி செய்தது. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, இன்னொரு சட்டம் மரபியல் ஆலோசகர் என்ற உத்தியோகத்தை உண்டாக்கியது. அதற்கான படிப்பு தொடங்கிய இடம்தான் மர்செய். அடுத்த மாதம் 23-ஆம் தேதி பக்கத்து நாடான பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு 1997-ல் ஹாட்ஜ்கின் நோய். கீமோவுக்கு முன் ழாக் தோன்னே என்ற பேராசிரியர் அவளுடைய சினைப்பைத் திசுவைச் சிறிது வெட்டி எடுத்து உறைய வைத்தார். குணமான பிறகு 2003-ல் அதைத் திரும்ப உடலில் பொருத்தினார். அந்த முறையில் பிறந்த முதல் குழந்தை என்று மருத்துவ உலகம் பதிவு செய்தது அவளைத்தான். என் தோழனுக்கு வந்த அதே நோய்.

ஆலோசகர் இதில் என்னதான் செய்கிறார்? பேத்தி சொன்னதையும் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு பெண்ணுக்கு முப்பது வயதில் மார்பகப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். கீமோ தொடங்கச் சில வாரம்தான் அவகாசம். கருமுட்டைகளை ஊசி போட்டு வளர்த்து எடுக்க ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டும். மரபணுச் சோதனை முடிவு வர அதைவிட நாளாகலாம். அதனால் முதலில் எடுத்து உறைய வைத்துவிடு, அப்புறம் நிதானமாக யோசிக்கலாம் என்று ஒரு வழி. ஆனால் சினைப்பைத் திசுவை எடுத்து வைத்துப் பின்னால் பொருத்துவது என்றால் யோசிக்கவேண்டும். பி.ஆர்.சி.ஏ. கோளாறு இருந்தால் அந்தச் சினைப்பையே பின்னாளில் நோய் வரக்கூடிய இடம். ரத்தப் புற்றுநோய் என்றால் எடுத்து வைத்த திசுவிலேயே நோயணு ஒளிந்திருக்கலாம். எதை எடுத்து வைப்பது என்பதற்கே இப்படி நோயின் வேர் தெரியவேண்டியிருக்கிறது.

ஆணுக்கு வேலை சுலபம். ஆனால் கீமோ தொடங்குவதற்கு முன் எடுக்கவேண்டும். தொடங்கிய பிறகு எடுத்தால் அணுக்களில் மருந்தின் சேதம் இருக்கலாம்.

அடுத்தது, எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடுவது. பிள்ளைக்கும் வருமா? பரம்பரை வகை அல்ல என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிப் பயத்தைப் போக்குவார்கள். புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களின் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து பார்த்ததில், அப்பாவோ அம்மாவோ முன்பு வாங்கிய கீமோவால் அந்தக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. பரம்பரை வகை என்றால், சோதனைக்குழாயில் உண்டான கருவிலிருந்து சில அணுக்களை எடுத்துப் பார்த்து, கோளாறு இல்லாத கருவை வைக்கும் முறை உண்டு. அந்த முறையில் பிரான்சில் முதல் குழந்தை பிறந்தது 2000-ல். அங்கே இதற்குச் சட்டம் கடுமை. ஒவ்வொரு வழக்கையும் ஒரு நிபுணர் குழு பார்க்கும்.

வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. "என் அம்மாவுக்கும் இந்தக் கோளாறு இருந்தது. அப்படித் தேர்ந்தெடுத்திருந்தால் நானே பிறந்திருக்கமாட்டேனே" என்று நினைப்பவர்கள். இதற்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று பேத்தியைக் கேட்டேன். "பதில் சொல்ல மாட்டேன் தாத்தா. கேட்டுக்கிட்டு இருப்பேன். அவங்க ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் கூட இருப்பேன்" என்றாள்.

நம் நாட்டுக்கு வருவோம். மரபியல் ஆலோசனை மையம் என்ற சொல் இந்தியச் சட்டத்தில் வேறு ஒரு வழியாக நுழைந்தது. 1994-ல் வந்த, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் அப்படிப்பட்ட மையங்கள் பதிவு செய்யவேண்டும் என்றது. ஸ்கேன் சென்டர் வாசலில் நாம் பார்க்கும் அறிவிப்புப் பலகை அந்தச் சட்டத்தால் வந்ததுதான். ஆக, இங்கே அது ஆலோசனையாக வரவில்லை, காவலாக வந்தது. நம் ஊர்ப் பழக்கத்துக்கு அந்தக் காவல் தேவைப்பட்டது என்பது வேறு விஷயம். பிறகு 2021-ல் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் வந்தது. கருவைச் சோதிப்பது ஏற்கெனவே தெரிந்த பரம்பரை நோய்க்காக மட்டும்தான் என்றது. தம்பதிக்கு ஆலோசனை சொல்லவேண்டும் என்றும் சொன்னது.

ஆனால் 2024 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2020-ல் கல்யாணமாகாத ஓர் இளைஞருக்கு நிணநீர்ப் புற்றுநோய். கீமோவுக்கு முன் விந்தணுவை உறைய வைத்தார். சில மாதத்தில் இறந்துபோனார். பெற்றோர் அதைக் கேட்டார்கள். மருத்துவமனை, சட்டத்தில் வழியில்லை, நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றது. சில வருஷம் வழக்கு. கடைசியில், வைத்தவரின் சம்மதம் தெளிவானால் அவர் இறந்த பிறகும் அதைப் பயன்படுத்தச் சட்டத்தில் தடையில்லை என்று சொல்லிப் பெற்றோரிடம் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

கிரெத்தேய் 1984, டெல்லி 2024. நடுவில் நாற்பது வருஷம். இரண்டு இடத்திலும் ஓர் இளைஞன், ஒரு குளிர்ப்பெட்டி, அழுதுகொண்டு நிற்கும் குடும்பம், எனக்கு உத்தரவில்லை என்று சொல்லும் ஓர் அலுவலகம். அந்த அலுவலகத்தை நான் குறை சொல்லமாட்டேன். நானும் கோப்பில் இல்லாத உத்தரவை யாருக்கும் கொடுத்ததில்லை. ஆனால் அந்தப் பையன் உயிரோடு இருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைக்க ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தப் பெற்றோர் நான்கு வருஷம் படியேறியிருக்க வேண்டாம்.

ஊருக்குத் திரும்பும் முன் பேத்தியை என் தோழன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அந்த அம்மா காபி கொடுத்தார். பெண்ணின் வேலை என்ன என்று கேட்டார். அவள் தன் அரைகுறைத் தமிழில் சொன்னாள். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, அந்த அம்மா கேட்டார்: "அவருக்கு வந்த நோய், பிள்ளை இருந்திருந்தா அதுக்கும் வந்திருக்குமா கண்ணு?"

பேத்தி உடனே பதில் சொல்லவில்லை. அவர்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். அவருக்கு அண்ணன் தம்பி உண்டா, அவர் அப்பா எப்படி இறந்தார், அத்தைகள் எத்தனை பேர். அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு அவள் சொன்னாள்: "இது பெரும்பாலும் குடும்பத்துல வர்ற நோய் இல்ல பாட்டி. அப்பாக்கு வந்தா பிள்ளைக்கு வாய்ப்பு லேசாத்தான் கூடும். நூறு பிள்ளைங்க இருந்தா ஏறக்குறைய எல்லாருக்கும் வந்திருக்காது."

அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. "அப்படியா" என்றார். சற்றுப் பொறுத்து மறுபடியும் "அப்படியா" என்றார். பிறகு காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வர நேரமாயிற்று.

முப்பத்தேழு வருஷம் கழித்து வந்த பதில். 1987-லேயே சொல்லியிருக்கலாம். 1977-லேயே சொல்லியிருக்கலாம்.

வாசக நண்பர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். நமக்கு இனிக் குளிர்ப்பெட்டி வேண்டாம். ஆனால் நம் பேரன் பேத்திகளில் யாருக்காவது இந்த நோய் வந்தால், சிகிச்சை தொடங்கும் முன், குழந்தை விஷயம் என்ன ஆகும் என்று டாக்டரைக் கேளுங்கள். பிள்ளைகள் வெட்கப்படுவார்கள், பெற்றவர்கள் பதறிப்போயிருப்பார்கள். கேட்கக்கூடிய வயதில் இருப்பவர்கள் நாம்தான். இன்னொன்று, வீட்டில் யார் யார் எந்த வயதில் எந்த நோயால் இறந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். கட்டிக்கொடுத்த அத்தைகளையும் சேர்த்து. அந்த விவரம் நம்மோடு போய்விட்டால், எந்த அலுவலகத்திலும் அதற்கு நகல் கிடைக்காது.